மூன்று ஊர்க் கமிட்டியும் காது கீறிய ஆடுகளும்

1

ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். மூன்று ஊரும் சேர்ந்து மறுபடியும் கூட்டுக் கமிட்டி போட்டிருக்கிறார்களாம். கண்மாயைத் தூர் எடுக்கப் போகிறார்களாம். மலையடியில் மரம் நட்டு, மண் கரைந்து வராமல் தடுக்கப் போகிறார்களாம். அதை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும், அங்குள்ள மக்கள் இயற்கையை எப்படிப் பேணுகிறார்கள் என்று நம் மக்கள் அறிந்து பயன்பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கீழே மூன்று தலைவர்களின் கையெழுத்து. ரப்பர் முத்திரை புதிது.

கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று ஒரு வரி இல்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அலங்காரம் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். அச்சடிப்பதும் அடுப்பில் போடுவதும் கடிதம் போட்ட உங்கள் பாடு.

ஊர்ப் பெயர்களை எழுத மாட்டேன். மேல ஊர், நடு ஊர், கீழ ஊர். உசிலம்பட்டியிலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ் திரும்பும் இடத்தில் இறங்கி நடந்தால் மூன்றும் வரும். பெயர் போட்டால் பெருமை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

2

நான் இருப்பது மலேசியாவில் ஒரு ஆற்றங்கரை டவுன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு முனிசிபல், அந்தப் பக்கம் இன்னொரு முனிசிபல். இந்தப் பக்கத்து முனிசிபலில் சாக்கடைக் கோஷ்டியில் எனக்கு வேலை. காலை ஆறரைக்கு லாரி வரும். ஏறுவேன். வாருவேன். இரண்டு மணிக்கு இறக்கிவிடும். குளித்தாலும் நாற்றம் போகாது. சோற்றில் கை வைக்கும்போது தெரியும். பழகிவிட்டது.

நான் பிறந்ததே இந்த நாட்டில்தான், ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கூலி வீட்டு லயத்தில். நாலு வயதில் அப்பா ஊருக்குக் கூட்டிப் போனார். அவருடைய சொந்த ஊரில் பங்காளிகள் இடம் தரவில்லை. நடு ஊருக்குப் பக்கத்தில், மூன்று ஊருக்கும் சேராத ஒரு மேட்டில் குடிசை போட்டார். அங்கே என் பெயர் மலேயா. இங்கே திரும்பி வந்த பிறகு என் பெயர் இந்தியா. அப்பா வைத்த பெயர் தாளில் மட்டும் இருக்கிறது.

இங்கே பிறந்த பத்திரம் கையில் இருந்தும் எனக்குச் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை உள்ளவனுக்கு நீல அட்டை. நீல அட்டைக்கு மனுப் போடும்போதெல்லாம் கவுண்டரில் அதே இரண்டு கேள்வி. இங்கே பிறந்தவன் ஏன் போனாய்? நாலு வயசு, அப்பா தூக்கிப் போனார் என்பேன். போனவன் ஏன் திரும்பி வந்தாய்? இதற்கு நான் பதில் சொன்னதில்லை. அவர்களும் கோப்பை மூடிவிடுவார்கள். முதல் தடவை போனபோது, சாக்கடைக் கோஷ்டியில் 'நீ' என்பதற்கு நாங்கள் பேசிக்கொள்ளும் 'லூ' என்ற சொல்லை அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். நம் கலெக்டரை 'வாடா' என்ற மாதிரி. அவர் மனு வாங்காமல் அனுப்பிவிட்டார். மலாய் பேச அன்றைக்குத்தான் பயந்தேன். இன்னும் பயம்தான்.

இப்போது மலாய் எழுத வேண்டுமென்றால் என் மகள் கௌரி எழுதுகிறாள். பத்து வயது. நான் "இம்புட்டு" என்றால் சிரிக்கிறாள். தோழிகள் வந்தால் என்னோடு பேசுவதே இல்லை. அவளுக்குக் கருப்பன் என்றால் எதிர்வீட்டு நாய். மாசியில் ஊரில் கருப்பனுக்குப் படைப்பார்கள் என்று ஒரு தடவை சொன்னேன். "நாய்க்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

போன வருஷம் இரண்டு முனிசிபலும் நில ஆபீசும் சேர்ந்து ஆற்றைக் காப்பாற்ற ஒரு கமிட்டி போட்டார்கள். இரண்டு கரையிலும் மரம் நடுவது, கழிவு விடாமல் தடுப்பது, கரையைப் பிடித்து வைத்திருப்பவர்களை வெளியேற்றுவது. என் சூப்பர்வைசர் ஹாசான், மலாய்க்காரர், நல்ல மனுஷன்தான், நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பாரத்தைப் புரட்டியிருக்கிறார். ஊரில் செய்த வேலை என்ற இடத்தில் 'மரக் காவல்' என்று இருந்திருக்கிறது.

"இந்தியா, உனக்கு இந்த வேலை தெரியும். இனி நீ சாக்கடைக்குப் போக வேண்டாம். ஆற்றங்கரைக் காவல்."

"வேண்டாம்."

"சம்பளம் கூட. நீல அட்டைக்கு ஆபீசிலிருந்து சிபாரிசுக் கடிதம் நானே எழுதித் தருகிறேன்."

போனேன். கரையை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று இரண்டு வாரத்தில் பட்டியல் கொடுக்க வேண்டும். அதுதான் முதல் வேலை.

3

ஊரில் நான் காவல்காரன் ஆனதும் இப்படித்தான், வேண்டாம் என்று சொல்லித்தான்.

மேல ஊர்க்காரன் ஆடு மேய்ப்பது மலையடியில். நடு ஊரில் கண்மாய். கீழ ஊரில் அந்தக் கண்மாயில் பாயும் வயல். மேலே ஆடு கடித்துக் கடித்து மலையடி மொட்டையானது. மழை பெய்தால் தண்ணீரோடு மண்ணும் வந்து கண்மாயில் படுத்தது. இரண்டு ஆள் ஆழம் நின்ற தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. கீழ ஊரில் ஒரு போகமும் ஒழுங்காக விளையவில்லை. கீழ ஊர் மேல ஊரைத் திட்டியது. மேல ஊர் நடு ஊரைத் திட்டியது. நடு ஊர் இரண்டையும் திட்டியது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பாரஸ்ட் ஆபீசர் ஒருத்தர் ஜீப்பில் வந்தார். மூன்று ஊரும் சேர்ந்தால் கன்று தருகிறேன் என்றார். கண்மாய்க்குள் தண்ணீர் ஒதுங்குகிற ஓரத்தில் கருவேலம், மலையடியில் வேம்பும் வாகையும். மூன்று வருஷம் ஆடு உள்ளே போகக் கூடாது. அதற்குப் பிறகு கருவேலங்காய் அம்புட்டும் ஆட்டுக்கு, கிளை மூன்று ஊருக்கும் முறை வைத்து, ஏர் செய்ய மரம். கண்மாயில் மண் விழாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கருப்பன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். கமிட்டித் தலைவர் நடு ஊர் ஒச்சப்பன். நல்ல வெள்ளை வேட்டி, நல்ல பேச்சு. காவலுக்கு யாரைப் போடுவது என்று மூன்று நாள் சண்டை. மேல ஊர் ஆளைப் போட்டால் மேல ஊர் ஆட்டைப் பிடிக்க மாட்டான். கீழ ஊர் ஆளைப் போட்டால் கீழ ஊர் ஆட்டைப் பிடிக்க மாட்டான். கடைசியில் ஒச்சப்பன் என் மேட்டுக்கு வந்தார்.

"ஏப்பா மலேயா, நீ எந்த ஊருக்கும் சேராதவன். உனக்கு மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது. நீதான் பாக்கணும்."

"எனக்கு வேணாம்ணே. நாளைக்கு எல்லாரும் எம்மேல பாய்வீக."

"எவன் பாய்வான்? நான் இருக்கேன்ல."

அவர் இருந்தார். எந்தப் பக்கம் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

கன்று நட்டு, சுற்றி முள்வேலி அடைத்தார்கள். வேலிக்குள் வரும் ஆட்டைப் பிடித்துக் கீழ ஊர்ச் சாவடியில் கட்ட வேண்டும். ஆட்டுக்காரன் வந்து மூன்று ஊர் ஆளுக்கும் முன்னால் "தப்புத்தான்" என்று சொல்லி அவிழ்த்துப் போக வேண்டும். வேறு தண்டனை இல்லை. அந்த ஒரு சொல்லுக்கே பயந்தார்கள். முதல் வருஷம் எட்டு ஆடுதான் பிடித்தேன். கருவேலம் முழங்கால் உயரம் வந்தது. ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்து இறங்கியது. நான் போய் நின்று பார்த்தேன். கமிட்டியில் ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை.

4

இந்த ஊரில் ஆற்றங்கரையைப் பிடித்திருப்பவர்களை நான் ஒரு வாரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். ரப்பர் பால் பாக்டரி, குழாய் வைத்து வெள்ளைத் தண்ணீரை ஆற்றில் விடுகிறது. கமிட்டியில் உட்காரும் ஒருத்தரின் மைத்துனன் வைத்திருக்கும் லாரிப் பட்டறை. மலையில் கொத்திய கல்லைக் கொண்டுவந்து கொட்டி வைத்திருக்கும் கண்டிராக்டர். நம் ஆட்கள் நடத்தும் கோயில், கரையை வளைத்து மாட்டுக் கொட்டகை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில். இந்தக் கரையில் இருப்பவன், இந்த இடம் அந்தக் கரை முனிசிபலைச் சேர்ந்தது என்கிறான். அந்தக் கரையில் இருப்பவன் இந்தக் கரையைக் கை காட்டுகிறான்.

அப்புறம் லெட்சுமி. அவளை நான் போய்ப் பார்க்கவில்லை. அவளே வந்தாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தோட்டத்து லயத்தில் இருப்பவள். புருஷன் இல்லை. அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். நீல அட்டை.

"இந்தியா அண்ணே வீடு இதுதானே?"

"என்னம்மா?"

"ஸ்பீக்கர்ல சொல்லிட்டுப் போறாங்க. தானா வந்து பேர் குடுத்தா வேற எடம் தருவாங்களாம். நமக்கு அஞ்சு ஆடு இருக்கு. ஆத்தங்கரையிலதான் மேயுது. எழுதிக்குங்க."

"வேற யாராச்சும் பேர் குடுத்தாங்களா?"

"அது எனக்கு எதுக்கு? நான் மேய்க்கிறேன், நான் சொல்றேன்."

கௌரி நோட்டும் பேனாவும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். "பேர் சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள்.

நான் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி அலமாரி மேல் வைத்தேன்.

"வெள்ளிக்கெழம வாம்மா. பாப்போம்."

லெட்சுமிக்கு முகம் மாறிவிட்டது. "ஏன்ணே, எழுதக் கூடாத பேரா என் பேரு? நாளைக்கு லாரி வந்து ஆட்ட ஏத்திக்கிட்டுப் போனா, நான் வந்து சொன்னேன்னு யாரு சாட்சி?"

"நான் சாட்சி."

"நீங்க எழுதவே மாட்டேங்கிறீங்க. நீங்க எங்க சாட்சி?"

போய்விட்டாள். கௌரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவுங்க நல்லவங்கப்பா. அவுங்கதான் உண்மை சொன்னாங்க," என்றாள்.

"அதான்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

5

இனி பேச்சியம்மாள். மலர் போடுகிற உங்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

நடு ஊர். புருஷன் செத்துப்போனவள். ஏழு ஆடும் ஒரு மகளும். மகள் செல்லத்தாய்க்கு வயிற்றுப்போக்கு கண்டு பிழைக்க மாட்டாள் என்று மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்தே தூக்கி வந்துவிட்டார்கள். பேச்சி கருப்பனுக்கு ஒரு கிடாய்க் குட்டியை நேர்ந்து, இடது காதைக் கீறி விட்டாள். மகள் பிழைத்தாள்.

நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. எங்கு மேய்ந்தாலும் அது சாமி மேய்வது. அது வேலிக்குள் வந்தது. நான் கயிற்றோடு போனேன். பேச்சி ஓடி வந்தாள்.

"காதப் பாரு மலேயா. கருப்பன் கெடா. மாசி வரைக்கும்தேன். பெறகு நீயே வந்து வெட்டுறதப் பாத்துக்க."

"தெரியும் ஆத்தா. மேயட்டும்."

கருப்பன் முன்னால் செய்த சத்தியத்தை வைத்துக் கருப்பன் ஆட்டைப் பிடிக்க முடியாது. அது ஒன்றே ஒன்று. நாலு கன்றைத் தின்னும். விட்டேன்.

விட்டதை ஊர் பார்த்தது.

அடுத்த வாரம் மேல ஊரிலிருந்து ஒரு காது கீறிய கிடாய் வந்தது. பிறகு மூன்று. பிறகு பன்னிரண்டு. யார் வீட்டிலும் நோய் இல்லை, நொடி இல்லை, வழக்கு இல்லை. ஆட்டுக்கு மட்டும் காது கீறியிருந்தது. நடு ஊரில் எல்லா வீட்டு ஆட்டையும் ஒன்றாகச் சேர்த்து முறை வைத்து மேய்ப்பார்கள். ஒச்சப்பன் வீட்டு முறை வந்த அன்று ஒச்சப்பன் தம்பி கத்தியோடு உட்கார்ந்து மந்தை முழுக்கக் காதைக் கீறிவிட்டான். பேச்சியின் மீதி ஆறும் அதில் போனது. அவளைக் கேட்கவில்லை.

பெட்டை ஆட்டுக்கும் கீறினார்கள். கருப்பன் ஒரு நாளும் பெட்டை வாங்கியது கிடையாது. நான் பூசாரியிடம் போனேன்.

"பூசாரியய்யா, கருப்பன் எப்ப இருந்து பொட்டை ஆடு கேக்குறாரு?"

"கேக்கலேன்னு நான் எப்பிடிப்பா சொல்ல?"

"கேட்டாருன்னாவது சொல்லுங்க."

"அதையும் நான் எப்பிடிச் சொல்ல?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார். அவர் வீட்டு ஆடு மூன்று, காது கீறி, வேலிக்குள் நின்றன.

கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். எல்லாரும் ஒச்சப்பனைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் மட்டும் சிரித்தார். "சாமி காரியத்துல நீயும் நானும் என்ன மாப்ள செய்ய முடியும்?" அதுவரை ஏப்பா என்றவர் அன்றைக்கு மாப்ள என்றார்.

எனக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது. ஐந்து நாள் கருக்கலில் எழுந்து, மூன்று ஊர் மந்தையையும் நின்று எண்ணினேன். காது கீறியது எந்த வீட்டு ஆடு, எத்தனை. கோயில் சுவரில் கரியால் வீட்டுக்கு ஒரு வரி. மாசிக்கு ஒரு வாரம் முன்னால் மூன்று ஊரும் கூடிய இடத்தில், கருப்பன் சன்னதியில் நின்று வாசித்தேன். ஒச்சப்பன் வீடு பதினாறு. பூசாரி வீடு மூன்று. ஒவ்வொரு வீடாக. எல்லாம் சாமி ஆடு. மாசிக்கு எல்லாம் வெட்டுப்பட வேண்டும். இல்லை, நேரவில்லை என்று இங்கேயே ஒருத்தர் ஒருத்தராகச் சொல்லுங்கள், நான் பிடித்துச் சாவடியில் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

நேரவில்லை என்று ஒருத்தரும் முன்னால் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று ஊரையும் மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

பேச்சி வீடு என்று வரும்போது ஏழு என்று வாசித்தேன்.

அவள் நேர்ந்தது ஒன்று என்று எனக்குத் தெரியும். ஒன்று என்று வாசித்திருக்கலாம். அவளுக்கு விட்டால் எல்லாரும் விடச் சொல்வார்கள் என்று ஏழு வாசித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

6

மாசி வந்தது. பொங்கல் பானை வந்தது, தேங்காய் வந்தது, கொட்டு வந்தது. ஆடு வரவில்லை. ஒச்சப்பன் ஒரு சேவலைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் அதுவும் இல்லை. சாமி எந்த மாசி என்று சொல்லவில்லையாம். அடுத்த மாசி இருக்கிறதாம்.

உச்சிப் பொழுதுக்குப் பேச்சி வந்தாள். ஏழையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்து வந்தாள். பின்னால் செல்லத்தாய் அழுதுகொண்டே வந்தது. மூன்று கிடாய், நாலு பெட்டை. அதில் இரண்டு பால் கறந்துகொண்டிருந்தது.

பூசாரிக்குக் கை வரவில்லை. "ஆத்தா, கெடாயை மட்டும் குடு. பொட்டைய வெட்டி எனக்குப் பழக்கமில்ல."

"காதக் கீறுறப்ப ஒங்களுக்குப் பழக்கமா இருந்துச்சா?"

கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான்: "ஏத்தா, நீ நேந்தது ஒண்ணுதேன, ஊருக்கே தெரியும். ஒண்ணக் குடுத்துட்டுப் போ."

அவள் என்னைக் காட்டினாள். "கருப்பன் முன்னாடி நின்னு ஏழுன்னு வாசிச்சாச்சு. நானும் கேட்டுக்கிட்டு நின்னேன். இல்லைன்னு நான் அன்னைக்குச் சொல்லல. எம்பிள்ளையத் திருப்பிக் குடுத்தவரு. அவருகிட்ட நான் கணக்குப் பேச மாட்டேன். வெட்டுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பாக எண்ணிவிட்டேன், ஒன்றுதான் என்று. சொன்னால் என் எண்ணிக்கை முழுக்கப் பொய்யாகும். ஒச்சப்பன் தப்பித்துக்கொள்வார். வேலி போகும், மரம் போகும், கண்மாய் போகும். இதெல்லாம் அங்கே நின்று யோசித்தேன்.

சொல்லவில்லை. ஏழும் வெட்டுப்பட்டது.

7

கறியை மூன்று ஊருக்கும் பங்கு வைத்தார்கள். வீட்டுக்கு வீடு போனது. ஒரு பங்கும் திரும்பி வரவில்லை.

மறுநாள் கமிட்டி கூடியது. பூசாரி சாமி வந்து ஆடிச் சொன்னார், பேச்சி கொடுத்த ஏழிலேயே கருப்பன் குளிர்ந்துவிட்டான், மூன்று ஊர் நேர்ச்சையும் அதில் அடைந்துவிட்டது, மற்ற ஆடு எல்லாம் ஆடுதான் என்று. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி ஆட்டை எண்ணியவன் காவலுக்கு இருந்தால் குற்றம் வரும் என்றும் சொன்னார். அதுவரை எந்தத் தாளிலும் சேர்ந்து கைநாட்டு வைக்காத மூன்று ஊரும் அன்றைக்கு ஒரே தாளில் வைத்தார்கள். என்னை நீக்குவதற்கு. எங்கள் மேட்டுக் குடிசை புறம்போக்கில் இருக்கிறது, காலி செய்ய வேண்டும் என்று அதிலேயே இன்னொரு வரி. அப்பா அதற்கு முந்தின வருஷமே கண்ணை மூடிவிட்டார். அந்த மட்டுக்கும் நல்லது.

உங்கள் கூட்டுக் கமிட்டி செய்து முடித்த வேலை அது ஒன்றுதான். எல்லாரும் சேர்ந்து செய்தீர்கள். ஒழுங்காகச் செய்தீர்கள்.

வேலி முள்ளை அன்று மாலையே அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். இடுப்பு உயரம் வந்திருந்த கருவேலத்தைப் பதினொரு நாளில் ஆடு முடித்தது. நான் உசிலம்பட்டியில் ஒரு தரகு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த மழையில் ஓடை பழையபடி செம்மண்ணாக இறங்கியது என்றும் சொன்னார்கள். பேச்சி கூலிக்குக் களை எடுக்கப் போகிறாள் என்று ஒருத்தன் சொன்னான், டீ குடித்துக்கொண்டே.

அப்பா டிரங்குப் பெட்டியில் என் பிறப்புப் பத்திரம் கிடந்தது. எடுத்துக்கொண்டு மதுரை வந்தேன். பிறகு மதராஸ். பிறகு கப்பல்.

போனவன் ஏன் வந்தாய் என்று கவுண்டரில் கேட்கிறார்கள். இதுதான் பதில். மலாயில் சொல்லத் தெரியாது. தமிழிலும் இப்போதுதான் சொல்கிறேன்.

8

வெள்ளிக்கிழமை ஹாசான் பட்டியல் கேட்டார்.

"லெட்சுமிக்கு இடம் எங்கே?" என்றேன்.

"யார் லெட்சுமி?"

"ஸ்பீக்கரில் சொன்னதை நம்பினவள்."

"முதலில் பட்டியல். பிறகு இடம்."

"முதலில் இடம். பிறகு பட்டியல்."

"இந்தியா, கமிட்டி முடிவு செய்துவிட்டது. இடம் கட்டாயம் கிடைக்கும்."

"கமிட்டி எனக்குத் தெரியும்."

அவருக்குக் கோபம் வந்தது. நீல அட்டைக் கடிதம் மேசை மேல் இருக்கிறது, தட்டச்சு அடித்தாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று காட்டினார். பார்த்தேன். என் பெயர் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் பட்டியல் கொடுக்கவில்லை. லெட்சுமிக்கு இடம் தர வேண்டியது யார் என்று இரண்டு முனிசிபலும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தக் கரையில், மின்சாரக் கம்பி போகிற காலி நிலத்தில் ஐந்து ஆடு மேய்க்கலாம் என்று முத்திரை வைத்த தாள் வந்தது. கௌரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். லெட்சுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தாளை வாங்கி, அட்டை இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆடு மறுநாள் பாலம் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகு பட்டியல். கௌரி எழுதினாள். முதல் பெயர் பாக்டரி. இரண்டாவது பட்டறை, அது கமிட்டிக்காரரின் மைத்துனனுடையது என்பதோடு. மூன்றாவது கண்டிராக்டர். நான்காவது நம் ஆட்கள் கோயில். லெட்சுமி பெயர் இல்லை. அவள்தான் கரையில் இல்லையே.

"அப்பா, கோயிலை எழுதினா நம்மாளுங்க திட்டுவாங்க," என்றாள் கௌரி.

"திட்டட்டும். எழுது."

ஹாசான் வாசித்தார். "இது பட்டியல் இல்லை, சண்டை," என்றார். மடித்துப் பைக்குள் வைத்தார். திங்கட்கிழமை நான் மறுபடியும் சாக்கடை லாரியில் ஏறினேன். அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. கோயில்காரர்கள் இப்போது எனக்கு விபூதி தருவதில்லை.

கரையில் நட்ட கன்றுகள் நிற்கின்றன. கோயில் மாடு அதில் மேய்கிறது. பாக்டரிக் குழாயில் வெள்ளைத் தண்ணீர் வருகிறது. இங்குள்ள மக்கள் இயற்கையை எப்படிப் பேணுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இப்படித்தான். அடுத்த கரையைக் கை காட்டி.

9

பேச்சியம்மாள் இருக்கிறாளா என்று வந்த புதிதில் மூன்று கடிதம் போட்டேன், ஊருக்கு ஒன்று. பதில் இல்லை. மலருக்கு மட்டும் என் முகவரி கிடைத்திருக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். கறிப் பங்கு திரும்பி வரவில்லை என்று எழுதினேன் அல்லவா. எனக்கும் வந்தது. ஓலைக் கொட்டானில் வைத்து யாரோ குடிசை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் ஆக்கித் தின்றேன். அன்றைக்குப் பசிகூட இல்லை. இந்த வரியை வெட்டாமல் போடுங்கள்.

மறுபடியும் மரம் நடப் போகிறீர்கள். நடுங்கள். யாரையாவது காவலுக்குப் பிடிப்பீர்கள். அதற்கு முன்னால் பேச்சி வாசலில் ஏழு ஆடு கட்டுங்கள். அவள் இல்லையென்றால் செல்லத்தாய் வாசலில். மேல ஊர் இரண்டு, நடு ஊர் இரண்டு, கீழ ஊர் இரண்டு. ஏழாவது என்னுடையது. அதற்குப் பாங்கு டிராப்ட் இதோடு வைத்திருக்கிறேன். மலர் செலவுக்கு எடுத்துவிடாதீர்கள். பால் கறக்கிற ஆடாக இருக்கட்டும்.

வாங்கும்போது காதைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கீறாத காதாக இருக்க வேண்டும்.